நார்வே மொழியின் நீளச் சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது

நார்வே மொழியில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து ஒரே பொருளைக் குறித்தால் அவற்றுக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது. 'பாண்' என்றால் குழந்தை. 'ஹாகெ' என்றால் தோட்டம். இரண்டும் சேர்ந்த 'பாணெஹாகெ' மழலையர் பள்ளி. இப்படி ஒட்டிக்கொண்டே போவதற்கு இலக்கணம் எல்லை எதுவும் வைக்கவில்லை. மனிதன், உரிமை, அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பன்மை விகுதியும் போட்டு 'மனித உரிமை அமைப்புகள்' என்று சொல்ல நார்வேக்காரர் எழுதும் ஒற்றைச் சொல்லில் 32 எழுத்துகள் உண்டு. வேடிக்கைக்காக உருவாக்கிய சொல் அல்ல அது. செய்தித்தாளில் சாதாரணமாக வரும்.

இவ்வளவு நீளமான சொல்லை எங்கே நிறுத்திப் படிப்பது, எந்த அசையை அழுத்துவது, வரி முடிவில் இடம் போதாவிட்டால் எங்கே உடைப்பது என்பவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றும். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: சொற்கள் ஒட்டிய மூட்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும்.

இங்கே நார்வேச் சொற்களை ஆஸ்லோ வட்டாரப் பேச்சொலியை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறோம். அந்த மொழியின் சாதாரண 'ட', 'டி' ஒலிகள் பல்லைத் தொட்டு வருபவை. ஆங்கிலத்தைவிடத் தமிழின் தகரத்துக்கு நெருக்கமானவை. அதனால் அவற்றுக்குத் தகரத்தையே பயன்படுத்துகிறோம். உதடு குவித்துச் சொல்லும் சில உயிர் ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. அங்கே ஏறக்குறைய ஒத்துவரும் எழுத்தால் சமாளிக்க வேண்டியதுதான்.

கூட்டுச்சொல்லில் தலைமை எப்போதும் கடைசி உறுப்புக்கே. முன்னால் வருவது அடைமொழி மட்டும். 'மெல்க்' பால், 'ஷுக்குலாதெ' சாக்லேட். 'மெல்க்கெஷுக்குலாதெ' என்றால் பால் கலந்த சாக்லேட் கட்டி. மாற்றிப்போட்டு 'ஷுக்குலாதெமெல்க்' என்றால் சாக்லேட் கலந்த பால். சொல்லின் இலக்கணப் பாலும் பன்மை விகுதியும் கடைசி உறுப்பைப் பொறுத்தே அமையும். இந்த வரிசை தமிழருக்குப் பழக்கமானது; 'பால்கோவா' கோவா வகை, பால் வகை அல்ல.

இரு உறுப்புகள் சில சமயம் நேராக ஒட்டும், சில சமயம் நடுவே ஓர் எழுத்தை வாங்கிக்கொள்ளும். 'பாணெஹாகெ'யில் வரும் 'எ' அப்படிப்பட்ட இடையெழுத்து. இன்னொன்று 'ஸ்'. எந்தச் சொல்லுக்கு எது வரும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். ஆனால் 'ஸ்' செய்யும் ஒரு வேலை கவனிக்கத்தக்கது. 'வீன்' என்றால் திராட்சை மது, 'க்லஸ்' என்றால் குவளை. மதுக் குவளைக்கு 'வீன்க்லஸ்' என்கிறார்கள். நடுவில் எதுவும் இல்லை. சிவப்பு மதுவான 'ரேவீன்' தானே ஒரு கூட்டுச்சொல். அதற்குரிய குவளை 'ரேவீன்ஸ்க்லஸ்'. இடையில் ஒரு 'ஸ்' முளைத்துவிட்டது. அதற்கு முன்னால் உள்ள பகுதி ஏற்கனவே இரண்டு துண்டுகளால் ஆனது, பெரிய மூட்டு இங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. எல்லாச் சொற்களிலும் இது நடப்பதில்லை. நடக்கும் இடங்களில் படிப்பவருக்குப் பெரிய உதவி.

அடுத்தது அழுத்தம். ஒரு கூட்டுச்சொல்லுக்கு முதன்மை அழுத்தம் ஒன்றுதான், அது முதல் உறுப்பில் விழும். இரண்டாம் உறுப்புக்குக் கிடைப்பது துணை அழுத்தம். இதைப் புரியவைக்க நார்வேயில் வழக்கமாகக் காட்டப்படும் இணை ஒன்று உண்டு. 'நொஷ்க்' என்பது நார்வே மொழிக்கும் நார்வே நாட்டவர் என்ற அடைமொழிக்கும் பொதுவான சொல். 'லேரெர்' ஆசிரியர். இரண்டையும் தனித்தனியாக, இரண்டுக்கும் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் நார்வே நாட்டைச் சேர்ந்த ஆசிரியர். அவர் கணக்கு நடத்தலாம், சமையல் சொல்லித் தரலாம். 'நொஷ்க்' மீது மட்டும் அழுத்தி மற்றதை அதன் நிழலில் விட்டு ஒரே மூச்சில் சொன்னால் நார்வே மொழி கற்பிக்கும் ஆசிரியர். அவர் பிறந்த ஊர் யாழ்ப்பாணமாகவும் இருக்கலாம். ஒலிகள் அத்தனையும் ஒன்றே. அழுத்தம் மட்டும்தான் வேறு.

தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் சொல்லின் பொருள் மாறிவிடாது. நார்வேயில் குடியேறிய ஈழத் தமிழர்களுக்கு இந்த மொழியின் சொல் வரிசையைவிட இந்த அழுத்தம்தான் அதிகச் சிரமம் தருவது என்றால் வியப்பதற்கில்லை. எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லிப் பழகிய நாக்கு, கேட்பவர் எதிர்பார்க்கும் மேட்டையும் பள்ளத்தையும் தராது.

முதல் உறுப்பில் அழுத்தம் என்றால் முதல் அசையில் அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கேதான் பாடப் புத்தகங்கள் பல அவசரப்படுகின்றன. மொழிக்கே உரிய பழைய சொற்கள் முதல் அசையில் அழுத்தம் பெறுபவை. லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த கடன் சொற்கள் பெரும்பாலும் கடைசியிலோ அதற்கு முந்தைய அசையிலோ பெறுபவை. 'பனான்' (வாழைப்பழம்) என்பதில் அழுத்தம் 'னான்' மேல். 'உனிவெஷிதேத்' (பல்கலைக்கழகம்) என்பதில் 'தேத்' மேல். இவை முதல் உறுப்பாக வரும்போது தம் அழுத்தத்தை அதே இடத்தில் வைத்துக்கொள்கின்றன. வாழைப்பழத் தோலைக் குறிக்கும் 'பனான்ஸ்கல்' இரண்டாம் அசையில் அழுத்தம் பெறும். பல்கலைக்கழக நூலகத்தைக் குறிக்கும் சொல் ஐந்தாம் அசையில் பெறும். மேலே சொன்ன பாலும் சாக்லேட்டும் இதற்குப் பொருத்தமான சான்று: 'மெல்க்கெஷுக்குலாதெ'யில் முதல் அசை எடுப்பாக ஒலிக்கும், 'ஷுக்குலாதெமெல்க்'கில் 'லா' வரும்வரை காத்திருக்க வேண்டும். கிழக்கு நார்வேயின் நாட்டுப்புறப் பேச்சு இந்த வேறுபாட்டை மதிப்பதில்லை. கடன் சொல்லின் அழுத்தத்தையும் முதல் அசைக்கே இழுத்து, வாழைப்பழத்தை 'பா' மேல் அழுத்திச் சொல்வார்கள். நகரத்தில் படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்த காலம் உண்டு.

துணை அழுத்தம் என்பது வெறும் மரியாதைக்குக் கொடுப்பது அல்ல. நார்வே மொழியில் அழுத்தம் பெறும் அசை கனமாக இருந்தாக வேண்டும்: உயிர் நெடிலாக வரும், அல்லது உயிர் குறிலாகி அடுத்துள்ள மெய் நீளும். 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி. எழுத்தில் நன்றிக்கு ஈற்று மெய் இரட்டித்து வரும். அதுவே உயிர் குறில் என்பதற்கு அடையாளம். தமிழில் குறிலும் நெடிலும் எந்த அசையிலும் வரலாம். நார்வேயில் அழுத்தம் இல்லாத அசைக்கு நீளும் உரிமை கிடையாது. கூட்டுச்சொல்லின் இரண்டாம் உறுப்புக்குத் துணை அழுத்தம் இருப்பதால்தான் அது தன் நீளத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. 'வீன்க்லஸ்' என்பதில் முதல் உறுப்பின் நெடில் உயிரும் இரண்டாவதன் நீண்ட மெய்யும் இரண்டுமே நிலைக்கின்றன. ஒரு சொல்லுக்குள் இரண்டு கனமான அசைகள் கேட்டால், நடுவே மூட்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

அழுத்தத்தோடு சேர்ந்து வருவது தொனி. ஐரோப்பிய மொழிகளில் இது அரிது. நார்வேயும் சுவீடனும் அந்த அரிதான இடங்கள். நார்வே மொழியில் ஒவ்வொரு அழுத்தமும் இரண்டு மெட்டுகளில் ஒன்றோடு வரும். ஆஸ்லோப் பேச்சில் முதல் தொனி தாழ்வில் தொடங்கி ஏறும். இரண்டாம் தொனி உயரத்தில் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும். 'தங்க்கென்' என்று முதல் தொனியில் சொன்னால் தொட்டி. இரண்டாம் தொனியில் சொன்னால் எண்ணம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'பென்னெர்' முதல் தொனியில் விவசாயிகள், இரண்டாம் தொனியில் அவரை விதைகள் அல்லது பிரார்த்தனைகள்.

இந்த இரட்டை மெட்டுக்குப் பின்னால் பழைய அசைக் கணக்கு இருக்கிறது. பழைய நோர்ஸ் மொழியில் ஓரசையாக இருந்தவை முதல் தொனிக்கும், ஈரசையாக இருந்தவை இரண்டாம் தொனிக்கும் போய்ச் சேர்ந்தன. விவசாயிகள் என்ற பன்மைச் சொல் அன்று ஓரசை. பின்னர் ஒலி நடுவே ஓர் உயிர் நுழைந்து ஈரசையானாலும் மெட்டு மாறவில்லை. தொட்டிக்கு இன்றும் அடிச்சொல் ஓரசை, எண்ணத்துக்கு ஈரசை. பின்னால் சுட்டு விகுதி ஒட்டி இரண்டும் ஒரே உருவம் ஆனாலும் தொனி தன் மூலத்தை மறக்கவில்லை.

கூட்டுச்சொல் முழுவதற்கும் ஒரே ஒரு தொனிதான். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் உறுப்பு. குளிர்காலம் ('வின்தெர்') முதல் தொனி, எனவே குளிர்கால விடுமுறையும் முதல் தொனி. கோடைகாலம் ('சொம்மெர்') இரண்டாம் தொனி, கோடை விடுமுறையும் அப்படியே. முதல் உறுப்பு ஓரசையாக இருந்தால் மட்டும் கணக்கு தடுமாறும். சில முதல் தொனியிலும் சில இரண்டாம் தொனியிலும் வரும், மனப்பாடம்தான் வழி. அண்டை மொழியான சுவீடிஷில், குறிப்பாக ஸ்டாக்ஹோம் பேச்சில், இந்தத் தொல்லை இல்லை. அங்கே கூட்டுச்சொல் என்றாலே ஏறக்குறைய எப்போதும் இரண்டாம் தொனி. டேனிஷ் மொழி தொனியையே கைவிட்டு, அந்த இடத்தில் தொண்டையில் ஒரு சின்னத் தடையை வைத்துக்கொண்டது. நார்வேக்குள்ளும் பெர்கெனுக்கு வடக்கே சில பகுதிகளிலும் வடகோடியில் சில இடங்களிலும் இரு தொனி வேறுபாடு கிடையாது. பெர்கென் நகரிலோ மெட்டின் வடிவமே ஆஸ்லோவுக்கு நேர்மாறாகக் கேட்கும். ஆகவே வெளிநாட்டவர் தொனியில் தவறினால் பெரிய குற்றமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அழுத்தத்தை இடம் மாற்றினால்தான் புரியாமல் விழிப்பார்கள்.

மூட்டைக் கடந்து ஒலிகள் ஒன்றையொன்று பாதிக்கவும் செய்யும். கிழக்கு, வடக்கு நார்வேயில் ரகர ஒற்றின் பின்னால் பல் ஒலி வந்தால் இரண்டும் கலந்து நாமடி ஒலியாகிவிடும். தமிழின் ட, ண ஆகியவற்றுக்கு உறவான ஒலிகள் ஐரோப்பாவின் வடமுனையில் கேட்கக் கிடைப்பது இதனால்தான். குழந்தையைக் குறிக்கும் 'பாண்' எழுத்தில் ரகரமும் னகரமும் கொண்டது. வாயில் தமிழ் ணகரம். கோடைகால நேரத்தைக் குறிக்கும் 'சொம்மெர்' + 'தீத்' சேரும்போது 'சொம்மெட்டீத்' என்று ஒலிக்கும். புணர்ச்சி இலக்கணம் படித்தவருக்கு இது புதிதாகப் படாது. மேற்கிலும் தெற்கிலும் ரகரத்தைத் தொண்டையில் உருட்டுவதால் அங்கே இந்த மாற்றம் நிகழாது.

அசை பிரிப்பில் பொது விதி எளிது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு சேரும்; பல மெய்கள் வந்தால் கடைசி மெய் மட்டும் பின்னால் போகும். எழுது என்ற பொருளுள்ள 'ஸ்க்ரீவெ' 'ஸ்க்ரீ-வெ' ஆகும். எறி என்ற 'கஸ்தெ' 'கஸ்-தெ' ஆகும். நார்வேயில் இதற்கு 'ஒற்றை மெய் விதி' என்றே பெயர். ஆனால் கூட்டுச்சொல்லில் மூட்டுக்கே முதலிடம். ஒற்றை மெய் விதி ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் மட்டும் செல்லும். 'பீல்' என்றால் கார், 'எய்யெர்' என்றால் உடைமையாளர். கார் உடைமையாளரைக் குறிக்கும் 'பீல்எய்யெர்' என்பதை மெய் விதிப்படி உடைத்தால் 'பீ-லெய்யெர்' ஆகும். 'பீ' என்றால் தேனீ, 'லெய்யெர்' என்றால் குத்தகைக்காரர். கார்க்காரர் தேனீயை வாடகைக்கு எடுத்தவராக மாறிவிடுவார்.

கார் சார்ந்த சொற்களில் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. 'பில்தெ' என்று குறிலாகச் சொன்னால் படம். எழுத்தில் அது 'பீல்' என்ற அதே மூன்று எழுத்துகளில் தொடங்குகிறது. கார் உதிரி பாகங்களைக் குறிக்கும் 'பீல்தேலெர்', கார் டயரைக் குறிக்கும் 'பீல்தெக்' இரண்டையும் அவசரமாகப் பார்க்கும் கண் 'படம்' என்று தொடங்கி, பாதியில் தடுக்கி விழுந்து, திரும்பி வந்து படிக்கும். வாயால் சொன்னால் குழப்பமே இல்லை. காரின் நெடில் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். செய்தித்தாளின் ஒடுங்கிய பத்தியில் கணினி இந்தச் சொல்லைத் தவறான இடத்தில் உடைத்து, படத்தை ஒரு வரியிலும் பொருளற்ற மிச்சத்தை அடுத்த வரியிலும் போட்டால் வாசகர் எரிச்சலடைவதில் நியாயம் உண்டு.

மூட்டில் ஒரே மெய் மூன்று முறை வந்தால் எழுத்தில் இரண்டுதான் போடுவார்கள். கால்பந்து 'ஃபூத்பல்' ஈற்றில் இரண்டு லகரங்களோடு எழுதப்படுகிறது. அணி என்ற 'லாக்' லகரத்தில் தொடங்குகிறது. 'ஃபூத்பல்லாக்' என்று சேர்த்து எழுதும்போது மூன்றில் ஒன்று மறைந்துவிடும். ஆனால் அதே சொல் வரி முடிவில் உடைந்தால் மறைந்த லகரம் திரும்ப வந்தாக வேண்டும்: இணைக்கோட்டுக்கு முன் இரண்டு, பின் ஒன்று. இரவு ரயிலுக்கான சொல்லுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கான சொல்லுக்கும் இதே விதி. இல்லாத எழுத்தை உடைக்கும்போது கொண்டுவரச் சொல்லும் இந்த விதி விசித்திரமாகப் பட்டாலும் நியாயமானது. உடைந்த பின் ஒவ்வொரு துண்டும் தன் முழு உருவத்தில் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

முதல் உறுப்பில் அழுத்தம் என்ற விதிக்கு விலக்குகள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளான 'யூல்அஃப்தென்' இரண்டாம் உறுப்பில் அழுத்தம் பெறும். புத்தாண்டு, புனித வெள்ளி ஆகியவற்றின் பெயர்களும் அப்படித்தான். இருபத்தொன்று போன்ற எண்ணுப் பெயர்களில் கடைசிப் பகுதி எடுப்பாக ஒலிக்கும். அன்றாடப் பேச்சில் அடிக்கடி வரும் சொற்கள் என்பதால் இவற்றைக் கற்பவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

அழுத்தம் குறைந்த இரண்டாம் உறுப்பு நூற்றாண்டுகள் போகப் போகத் தேய்ந்துவிடுவதும் உண்டு. ஊர்ப் பெயர்களில் இது நன்றாகத் தெரிகிறது. பெர்கெனின் பழைய பெயர் 'பியொர்க்வின்'. இரண்டாம் பாதியான 'வின்' என்றால் புல்வெளி. இன்று எஞ்சியிருப்பது 'என்' மட்டும். ஆஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள 'பேரும்' ஒரு காலத்தில் 'பெர்க்ஹெய்ம்ர்', அதாவது மலையூர். இப்போது அதைக் கூட்டுச்சொல் என்று யாரும் உணர்வதில்லை.

இன்று நார்வேயில் மொழி ஆர்வலர்களைக் கோபப்படுத்துவது தேய்மானம் அல்ல, பிரித்தெழுதுதல். ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு எழுதுவதைப் பார்த்துப் பார்த்தும், கணினியின் பிழைதிருத்தி அறியாத நீளச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு போடுவதாலும் பலர் கூட்டுச்சொல்லை உடைத்து எழுதுகிறார்கள். விளைவு பல நேரம் நகைச்சுவை. புகை பிடிக்காத இடம் என்ற அறிவிப்பை உடைத்து எழுதினால் 'தாராளமாகப் புகை பிடியுங்கள்' என்று பொருள்படும். ஆட்டுக்குட்டித் தொடைக் கறி 'முடங்கிய தொடைகள்' ஆகும். அன்னாசித் துண்டுகளின் டப்பாவில் 'அன்னாசி கடிக்கும்' என்று இருக்கும். கோழி ஈரலுக்கும் 'கோழி உயிரோடிருக்கிறது' என்பதற்கும் இடையே உள்ளது ஒரு வெற்றிடம்தான். 'சொற்பிரிப்புக்கு எதிரான வானியலாளர்கள்' என்ற பெயரில் ஒரு குழுவே இத்தகைய பிழைகளைச் சேகரித்து இணையத்தில் வெளியிட்டது. நாட்டின் அதிகாரபூர்வ மொழி மன்றமான 'ஸ்ப்ரோக்ரோதெ'வும் இதுபற்றி ஓயாமல் நினைவூட்டுகிறது.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்ற ஐயத்துக்கு அகராதி எப்போதும் உதவாது. புதுக் கூட்டுச்சொல் தினமும் பிறக்கிறது; எல்லாவற்றையும் எந்த அகராதியும் ஏற்ற முடியாது. அங்கே சொல்லித்தரும் சோதனை வேறு: எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு அழுத்தங்களும் சம எடையில் கேட்டால் பிரித்து எழுதுங்கள். ஒன்று மட்டும் ஓங்கி நின்றால், சொல் எத்தனை நீளமானாலும், சேர்த்து எழுதுங்கள்.